கிளச்சில் கட்டிய லேஞ்சி

என் கணவர் மோட்டார் சைக்கிளை எடுப்பதற்கு முன்னால் செய்யும் சோதனைகளைப் பார்க்கிறவர்கள், மனிதர் கொழும்புக்குப் புறப்படுகிறார் என்றுதான் நினைப்பார்கள். போவது பெரும்பாலும் வேலணைச் சந்தைக்கு. வாங்கி வருவது கொஞ்ச மீனும் ஒரு பிடி கீரையும். அதற்கு இவ்வளவு பூசை எதற்கு என்று நான் கேட்காத நாளில்லை. அவர் பதில் சொன்ன நாளும் இல்லை.

முதலில் இரண்டு ரயரையும் பெருவிரலால் அழுத்திப் பார்ப்பார். பிறகு பிறேக்கைப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் தள்ளுவார். குந்தியிருந்து செயினை ஒரு விரலால் மேலே தூக்கி, தளர்வு கூடவா குறைவா என்று பார்ப்பார். எங்கள் தீவுக் காற்றில் உப்பு இருக்கிறது. இரும்பைக் கண்டால் விடாது. நேற்று நன்றாக இருந்த கேபிள் இன்று பாலத்தின் நடுவில் அறுந்துபோகும். அதனால் ஒவ்வொரு கேபிளையும் முனையிலிருந்து முனைவரை தடவிப் பார்ப்பார். வண்டியை நிமிர்த்திப் பிடித்து எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்று குனிந்து பார்ப்பார். திறப்பைப் போட்டுத் திருகி, முன் லைற்றுக்கு உள்ளங்கையைக் காட்டி வெளிச்சம் விழுகிறதா என்று பார்ப்பார். ஹோர்னை ஒரு தடவை அடிப்பார். கடைசியாகப் பெற்றோல் தாங்கியை இரண்டு கையாலும் பிடித்து வண்டியை ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டுக் காதைக் கொடுப்பார். உள்ளே பெற்றோல் சளக் என்று சொல்லும். அதற்குப் பிறகுதான் கிக்கரில் கால் போகும்.

எஞ்சின் பிடித்த பிறகும் உடனே ஏறமாட்டார். வண்டி சும்மா ஓடிச் சூடேற வேண்டும். அதுவரை அவர் பக்கத்தில் நின்று ஒரு கோப்பை வெறுந்தேத்தண்ணி குடிப்பார். தேத்தண்ணி முடிந்தால் எஞ்சின் தயார் என்று கணக்கு. கூட்டுறவுச் சங்கக்கடையில் மனேச்சராக இருந்த காலத்திலும் இதேதான், ஓய்வு பெற்ற பிறகும் இதேதான். கடைக்கு ஆட்கள் வந்து காத்து நின்றாலும் கோப்பை காலியாகாமல் அவர் அசைந்ததில்லை.

எனக்கு வண்டி ஓடத் தெரியாது. இப்போது பெண்பிள்ளைகள் எல்லாம் ஸ்கூட்டியில் பறக்கிறார்கள். எங்கள் காலத்தில் பின்னால் இருந்து சேலையைச் சுருட்டிப் பிடிக்கத் தெரிந்தால் போதும். குசினி யன்னலாலும் பின் சீற்றில் இருந்தும் பார்த்தது, கேட்டது, அவ்வளவுதான் என் படிப்பு. ஆனால் அந்த வண்டி இருமினால் எனக்குத் தெரியும். என் பிள்ளை இருமியதைவிடத் தெளிவாகத் தெரியும்.

அவருக்கு மறதி வந்தது எப்போது என்று சொல்ல ஏலாது. உப்பு வாங்கப் போய் உப்போடு வந்தார். அடுத்த நாளும் உப்போடு வந்தார். மூன்றாம் நாளும் உப்பு வந்தபோது நான் சிரித்தேன், கடைக்காரனுக்கு உங்களில் காதலோ என்று கேட்டேன். அவரும் சிரித்தார். கனடாவில் இருக்கும் மகள் தொலைபேசியில் எடுத்தபோது, அங்கே பனி கொட்டுதோ என்று கேட்டார். அவள் ஓம் என்றாள். கொஞ்சம் பொறுத்து, அங்கே பனி கொட்டுதோ என்று கேட்டார். அவள் மறுபடி ஓம் என்றாள். யாழ்ப்பாணத்தில் காட்டிய டொக்டரும் தலையைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கோ என்றார். எதைப் பார்ப்பது, எப்படிப் பார்ப்பது என்று அவரும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை.

மகள்தான் வெட்டொன்று துண்டிரண்டாகச் சொன்னாள். "அம்மா, முதல்ல அந்த மோட்டார் சைக்கிள் திறப்பை எடுத்து ஒளியுங்கோ. அப்பா இனி றோட்டில ஓடக் கூடாது."

எனக்குக் கோபம் வந்தது. அங்கே இருந்துகொண்டு சொல்வது சுகம். எங்கள் ஒழுங்கையில் முக்கால்வாசி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. பஸ் வேண்டுமென்றால் பெரிய றோட்டுவரை வெயிலில் நடக்க வேண்டும். அதையெல்லாம் கூடத் தாங்கலாம். காலையில் எழுந்து குந்தியிருந்து செயினை விரலால் தூக்கிப் பார்க்காத மனிதரை நான் என்ன செய்வது? அவரிடமிருந்து அதையும் எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் அவள் சொன்னது சரி என்பதும் தெரிந்தது. "நெடுந்தீவுக்கு ஒருக்காப் போய்வரட்டும்" என்றேன். "அதில ஒரு பிழை விட்டாலும் நான் திறப்பை எடுக்கிறன்."

நெடுந்தீவு நான் பிறந்த இடம். அண்ணருடைய ஆட்டத்திவசத்துக்கு வருஷாவருஷம் போவோம். அங்கே வெயிலுக்குள் நடந்து மாளாது என்பதால் மோட்டார் சைக்கிளையும் படகில் ஏற்றிக்கொண்டு போவது எங்கள் வழக்கம். நாங்கள் மட்டுமல்ல, எல்லாரும் அப்படித்தான். குறிகட்டுவான் இறங்குதுறையில் வண்டிகளைத் தூக்கி ஏற்றி, ஒன்றோடு ஒன்று சாய்த்துக் கயிற்றால் கட்டுவார்கள். ஏற்றுவதற்கு முன்னால் தாங்கிக்குக் கீழே இருக்கிற பெற்றோல் பைப்பைத் திருகிப் பூட்ட வேண்டும். பூட்டாவிட்டால் சாய்ந்த வண்டியிலிருந்து பெற்றோல் ஒழுகிப் படகு முழுக்க மணக்கும். படகுக்காரர் ஒவ்வொருவரிடமும், "அண்ணை, பைப் பூட்டியாச்சோ?" என்று கேட்டுத்தான் வண்டியில் கை வைப்பார்.

பூட்டச் சொல்ல ஆள் உண்டு. திறக்கச் சொல்ல ஆள் இல்லை. கரையில் இறக்கியவுடன் வண்டி நல்ல பிள்ளை மாதிரி ஸ்ராட் ஆகும், ஏனென்றால் காபிறேற்றருக்குள் கொஞ்சப் பெற்றோல் கிடக்கும். அது தீரும்வரை ஓடிவிட்டு நடுத்தெருவில் நிற்கும். இறங்குதுறை தாண்டிக் கொஞ்சத் தூரத்தில் ஒருவர் வண்டியை ஓரத்தில் விட்டுவிட்டு வைதுகொண்டு நின்றால், பிளக், சொக் என்று ஒன்றும் பார்க்கத் தேவையில்லை, பைப்பைப் பார்த்தால் போதும். தீவார் எல்லாருக்கும் ஒரு நாளாவது இது நடந்திருக்கிறது.

அவருக்கு மட்டும் நடந்ததில்லை. அதற்கு அவரிடம் ஒரு வழி இருந்தது. பைப்பைப் பூட்டிய கையோடு முகம் துடைக்கிற லேஞ்சியை எடுத்துக் கிளச் பிடியில் ஒரு முடிச்சுப் போட்டுக் கட்டிவிடுவார். கிளச்சைப் பிடிக்காமல் வண்டி எடுக்க ஏலாது. பிடிக்கப் போகிற கையில் லேஞ்சி தட்டுப்படும். உடனே குனிந்து பைப்பைத் திறப்பார், பிறகுதான் லேஞ்சியை அவிழ்த்துச் சட்டைப் பைக்குள் வைப்பார். முதலில் பைப், பிறகு லேஞ்சி. அந்த ஒழுங்கு மாறி நான் கண்டதில்லை.

போகும்போது ஒரு குறையும் இல்லை. நெடுந்தீவில் இறங்கியதும் லேஞ்சியைக் கண்டார், பைப்பைத் திறந்தார், லேஞ்சியை அவிழ்த்தார். நான் பக்கத்தில் நின்று பரீட்சை மண்டபத்து ரீச்சர் மாதிரி பார்த்தேன். திவசம் முடிந்தது. சொந்தக்காரரின் பெயரெல்லாம் சரியாகச் சொன்னார். மகளிடம் சொல்வதற்கு நல்ல நல்ல வசனங்களாக மனதுக்குள் அடுக்கி வைத்தேன்.

திரும்பி வரும்போது கடல் சரியில்லை. படகு தூக்கித் தூக்கி அடித்தது. உப்புத் தண்ணீர் எல்லாரையும் குளிப்பாட்டியது. நான் வாந்தி எடுத்தேன். குறிகட்டுவானில் இறங்கிய பிறகு சீமேந்துக் கட்டில் தலையைப் பிடித்துக்கொண்டு இருந்ததுதான் எனக்கு நினைவு. வண்டியை இறக்கியதை நான் பார்க்கவில்லை. நிமிர்ந்தபோது அவர் பூசையைத் தொடங்கியிருந்தார். ரயர், பிறேக், செயின். யாழ்ப்பாண பஸ் புறப்பட்டுப் போனது. படகில் வந்த மற்ற வண்டிகளும் போயின. "காணும் வாங்கோ, வெயில் கொல்லுது" என்றேன். அவர் லைற்றுக்கு உள்ளங்கையைக் காட்டிக்கொண்டு நின்றார். தேத்தண்ணி இல்லாததால் எஞ்சின் சூடேறும் நேரம் மட்டும் கொஞ்சம் குறைந்தது. ஏறிப் புறப்பட்டபோது றோட்டில் எங்களைத் தவிர ஒரு குஞ்சு குருவி இல்லை.

புங்குடுதீவின் முதல் வீடுகள் வரத் தொடங்கிய இடத்தில் வண்டி இருமியது. பிறகு ஒருமுறை துள்ளியது. பிறகு நின்றது.

அவர் பதறவில்லை. ஓரமாகத் தள்ளி நிறுத்தினார். தாங்கியைப் பிடித்துக் குலுக்கினார். சளக் என்றது. "பெற்றோல் இருக்கு" என்றார். சொக்கை இழுத்து உதைத்தார். தள்ளிவிட்டு உதைத்தார். பெட்டியைத் திறந்து பிளக் கழற்றுகிற சாவியை எடுத்து, பிளக்கைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்து, ஊதி, மறுபடி பூட்டினார். கை நடுங்காமல் அவ்வளவு அழகாகச் செய்தார். மறுபடி உதைத்தார். கொஞ்சம் பொறுத்து அதே பிளக்கை மறுபடி கழற்றித் துடைத்தார்.

எங்களுக்கு முன்னால் ஒரு பெரிய மாடி வீடு. கேற்றில் தொங்கிய பூட்டு கறள் பிடித்து ஒரு கட்டியாகியிருந்தது. அதற்கு அடுத்த வீட்டுக்குக் கூரையே இல்லை. கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் மனிதர் இருப்பதாகத் தெரியவில்லை. அடுத்த படகு வந்தால்தான் றோட்டில் ஆள் வரும். எனக்கு வண்டியைப் பற்றிய பயம் போய், அவருடைய நெஞ்சைப் பற்றிய பயம் வந்தது. ஒவ்வொரு உதைக்கும் முகம் சிவந்து சிவந்து வந்தது.

"விடுங்கோ. கொஞ்சம் நிழல்ல இருப்பம்."

"நீர் பேசாமல் நில்லும். எல்லாம் பாத்திட்டன், எல்லாம் சரி. அப்ப ஏன் பிடிக்குதில்லை?"

அந்த "ஏன்" என்னைக் கேட்ட கேள்வி மாதிரி இருந்தது. அவர் என்னிடம் வண்டியைப் பற்றி ஒருநாளும் எதுவும் கேட்டதில்லை. நான் பனைமரத்தடியில் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன்.

அப்போதுதான் முகம் துடைப்பதற்காகச் சட்டைப் பைக்குள் கையை விட்டு லேஞ்சியை எடுத்தார். அதில் முடிச்சு அப்படியே இருந்தது. அவிழ்க்காமல், கிளச் பிடியிலிருந்து உருவியெடுத்துப் பைக்குள் வைத்திருக்கிறார். லேஞ்சியை இரண்டு கையாலும் பிடித்து, அந்த முடிச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இதை ஆர் முடிஞ்சது?"

எனக்கு எல்லாம் ஒரே நேரத்தில் விளங்கிவிட்டது. பைப் திறக்கப்படவில்லை என்பதும் விளங்கியது, மிச்சமும் விளங்கியது. வேறு காலமாக இருந்தால், உங்கட மற்றப் பெண்சாதி முடிஞ்சிருப்பா என்று ஒரு கடி கடித்திருப்பேன். அவர் முகத்தில் பயம் இல்லை, வெட்கம் இல்லை. தெரியாத ஊரில் வழி கேட்கிறவர் மாதிரி மரியாதையாகக் கேட்டுக்கொண்டு நின்றார்.

"நான்தான் முடிஞ்சனான்" என்றேன்.

"ஏன்?"

"விழுந்து துலைஞ்சு போகாமல் இருக்க."

அதை அப்படியே ஏற்றுக்கொண்டார். தலையைக் குனிந்து நகத்தால் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார். நான் சேலைக் கரையை உதறுகிற மாதிரி வண்டிக்குப் பக்கத்தில் குனிந்து அந்தப் பைப்பைத் திருப்பினேன். இவ்வளவு காலத்தில் நான் அந்த வண்டியில் கை வைத்துச் செய்த முதல் வேலை அது. இரும்பு வெயிலில் சுட்டது.

"இப்ப ஒருக்கா உதைச்சுப் பாருங்கோ."

சில உதைகளில் பிடித்துவிட்டது. அவர் முகம் மலர்ந்தது. "பிளக்கில உப்புப் பிடிச்சிட்டுது. நான் சொன்னனான் எல்லே" என்றார். அவர் சொல்லவில்லை. நான் ஓம் என்றேன்.

"ஏறும்."

ஏறாமல் என்ன செய்வது? நான் ஏற மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொன்னாலும் அந்த வெயிலில் எங்களைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேறு யாரும் இல்லை. சண்டை பிடித்து நின்றால் அவர் தனியாகப் போய்விடக்கூடும், அது இன்னும் மோசம். ஏறினேன். இவ்வளவு காலமும் அவருடைய தோளைத்தான் பிடிப்பேன், அன்றைக்கு இடுப்பைச் சுற்றிக் கட்டிப் பிடித்தேன். பிடித்து என்ன பிரயோசனம்? பிறேக் அவர் காலடியில் இருந்தது.

வேலணைக்குப் போகிற பாலத்தில் காற்று பக்கவாட்டில் அடித்தது. அவர் வேகத்தைக் குறைத்து, காற்றுக்கு அளவாக வண்டியைச் சரித்து, நடு றோட்டுக்குப் போகாமல், ஓரத்து மணலுக்கும் போகாமல் ஓடினார். இளவயதில் ஓடியதைவிட நன்றாக ஓடினார். கையும் காலும் ஒன்றையும் மறக்கவில்லை. அதை நினைக்கத்தான் எனக்கு அழுகை வந்தது. ஹெல்மெட்டுக்குள் அழுதால் யாருக்குத் தெரியும், நன்றாக அழுதேன்.

சந்தியில் பெரிய றோட்டுக்கு ஏறும்போது அவர் வலப்பக்கம் பார்க்கவில்லை. இடப்பக்கமும் பார்க்கவில்லை. சும்மா ஏறினார். பஸ்ஸின் ஹோர்ன் என் முதுகுக்குள் கேட்டது. ரயர் தேய்கிற சத்தமும் சூடான காற்றும் வந்து போயின. சாரதி தலையை வெளியே போட்டு, "பெரியவர், வீட்டில சொல்லிப்போட்டோ வந்தனீர்?" என்று கேட்டான். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. என் கணவர் வண்டியைச் சீராகப் பிடித்துக்கொண்டு, "உவங்கள் கண்மண் தெரியாமல் ஓடுறாங்கள்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் மகளுக்குச் சொன்னேன். அவள் தொலைபேசியில் அழுதாள், நான் அழவில்லை. திறப்பை எடுத்து அரிசி வாளிக்குள் தாட்டேன்.

மறுநாள் காலையில் அவர் திறப்பைத் தேடினார். கோபப்பட்டிருந்தால் நான் சமாளித்திருப்பேன், கோபத்துக்கு எனக்குப் பழக்கம் உண்டு. அவர் கோபப்படவில்லை. அலுமாரியைத் திறந்து பார்த்தார், கட்டிலுக்குக் கீழே பார்த்தார், சட்டைப் பைகளையெல்லாம் வெளியே இழுத்துப் பார்த்தார். பிறகு கதிரையில் இருந்து, "இப்ப நான் எல்லாத்தையும் துலைக்கிறன்" என்றார். அந்த முகத்தை என்னால் அரைநாள்கூடப் பார்க்க முடியவில்லை. மத்தியானச் சோற்றுக்கு அரிசி எடுத்தபோது கண்ட மாதிரி நடித்துத் திறப்பைக் கொண்டுவந்து கொடுத்தேன்.

பிறகு பைப்பை நினைத்தேன். கடல் இல்லாத இடத்தில் யாரும் பைப் பூட்டுவதில்லை, அதனால் அவருடைய சோதனைக்குள் அது வருவதில்லை. பின்னேரம் அவர் குளிக்கப் போகும் நேரம் பார்த்து நான் போய், காபிறேற்றர் நிறையக் கொஞ்ச நேரம் திறந்துவிட்டு, மறுபடி அதைப் பூட்டிவிட்டு வருவேன். காலையில் ரயர், பிறேக், செயின், எண்ணெய், லைற், ஹோர்ன் எல்லாம் சரியாக இருக்கும். குலுக்கினால் பெற்றோல் சளக் என்னும். உதைத்தால் எஞ்சினும் பிடிக்கும். அவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் எடுப்பார். கோப்பை முடிவதற்குள் காபிறேற்றரில் கிடந்தது தீர்ந்து வண்டி நின்றுவிடும். சில நாள் எஞ்சின் பிடிவாதமாக ஓடிக்கொண்டிருக்கும். அப்போது நான் கேத்தலோடு ஓடிப்போய், "இன்னும் கொஞ்சம் குடியுங்கோ" என்று இரண்டாவது கோப்பை ஊற்றுவேன். அவசரத்தில் தேத்தண்ணி மண்ணில் சிந்தும்.

நின்ற பிறகு குந்தியிருந்து பிளக்கைக் கழற்றுவார். துடைப்பார், பூட்டுவார், உதைப்பார். களைத்துப்போய், "இதுக்கு வயசு போட்டுது" என்பார். குற்றம் வண்டியின் தலையில் விழும். அவர் சும்மா இருந்து சாப்பிடுவார், நித்திரை கொள்ளுவார். சந்தைக்கு நான் பஸ்ஸில் போய் வருவேன். ஒவ்வொரு காலையும் மனிதரை இப்படி ஏமாற்றுகிறேனே என்று நெஞ்சு எரியும். விட்டால் அந்தச் சந்தியும் அந்த ஹோர்னும் கண்ணுக்குள் வரும். இரண்டுக்கும் நடுவில் நான் கேத்தலோடு நின்றேன்.

இந்தக் கிழமை ஒரு காலை. குசினியில் நின்று காதைக் கொடுத்தேன். ஹோர்ன் கேட்டது. பெற்றோல் சளக் என்றது கேட்கவில்லை, கிக்கர் சத்தமும் கேட்கவில்லை. தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அவர் வண்டிக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு அமைதியாக இருந்தார். கிளச் பிடியில் லேஞ்சி கட்டியிருந்தது. அதே ஒற்றை முடிச்சு.

நான் போய்ப் பைப்பைப் பார்த்தேன். நேற்று நான் பூட்டியபடியே பூட்டியிருந்தது.

"இண்டைக்கு எடுக்கேல்லையோ?" என்று கேட்டேன்.

"கரை வரட்டும்" என்றார். "பிறகு திறப்பம்."

படகில் இருப்பதாக நினைத்துத்தான் சொன்னாரா, பைப்பைக் கண்டு, என்னையும் கண்டுகொண்டுதான் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. கேட்டால் சொல்வாரோ என்னவோ, கேட்கிற துணிவு எனக்கு வரவில்லை. அவர் தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு, நான் கேட்காமலே கோப்பையை என்னிடம் நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் ஊத்தும்."

ஊற்றினேன். லேஞ்சி இன்னும் அந்தக் கிளச்சில்தான் இருக்கிறது. அவரும் அவிழ்க்கவில்லை, நானும் அவிழ்க்கவில்லை.